காலையில் ஓர் அஸர்

போன வருடம், மாரி மழை விட்டு வெயில் முறுக்கேறத் தொடங்கிய மாதம் அது. இடம், கல்முனைக்குப் பக்கத்தில் கடல் இரைச்சல் வகுப்பறைக்குள்ளேயே கேட்கும் ஓர் ஆரம்பப் பாடசாலை. விஞ்ஞானப் பட்டம் முடித்துவிட்டு நியமனத்துக்குக் காத்திருந்தேன். என்னை வீட்டில் சும்மா இரு என்றால் எனக்குக் காய்ச்சல் வந்துவிடும். அதனால் தொண்டர் ஆசிரியை என்ற பெயரில் மூன்றாம் வகுப்புக்குள் போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பது ஒரு பேச்சுக்குத்தான். முதல் வாரத்திலேயே காந்தம், சிப்பி, பல்லி முட்டை என்று மேசையை நிரப்பி, "இது வகுப்பா, கடையா மகள்?" என்று பாடசாலை அதிபரிடம் கேள்வியும் வாங்கிவிட்டேன்.

அந்த வகுப்பில் ஒரு பெண் பிள்ளை இருந்தாள். தோலுக்கும் முடிக்கும் நிறம் கொடுக்கும் பொருள் பிறப்பிலேயே அவளுக்கு இல்லை. கண் இமை மயிர்கூட வெள்ளை. வெளிச்சம் பட்டால் கண்ணைச் சுருக்கிக்கொள்வாள். முன் வாங்கில் இருந்தும் கரும்பலகை தெரியாது. எழுந்து வந்து மூக்கு உரசுகிற தூரத்தில் நின்றுதான் வாசிப்பாள். மற்றப் பிள்ளைகள் 'வெள்ளக்காரி' என்று கூப்பிடுவார்கள். அவள் அழுகிற ரகம் இல்லை. "ஓம், லண்டன்லதான் எங்கட வீடு. நீங்க வந்தா வாசல்லயே நிக்க வெப்பன்" என்று திருப்பிக் கொடுப்பாள்.

வாப்பா கடலுக்குப் போகிறவர். உம்மா வீட்டில் தையல் மெஷின் வைத்திருந்தார். பிள்ளை முழுக்கைச் சட்டையும் தலையை மூடும் பர்தாவுமாகப் பாடசாலைக்கு வருவாள். அது போதும், வெயில் என்ன செய்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம், நானும்தான். ஆனால் பர்தாவுக்கு வெளியே முகம் இருக்கிறதே. இடது கன்னத்து எலும்புக்கு மேல் அவளுக்கு ஒரு புண். பொருக்குக் கட்டும், உதிரும், மறுபடி கட்டும். நான் வந்த நாளிலிருந்தே அது ஆறவில்லை. ஒருநாள் பிள்ளையைக் கூட்டிப்போக வந்த உம்மாவிடம் கேட்டேன்.

"கடல் காத்துக்கு வாற சொறி டீச்சர். தேங்காண்ணெய் பூசித்துத்தான் வெளியில உடுறன்" என்றார்.

எண்ணெய் பூசி வெயிலில் விடுகிறாரா என்று எனக்குத் திக்கென்றது. நான் படித்தது விலங்கியல், மருத்துவம் இல்லை. ஆனாலும் கைபேசியில் தேடத் தேட ஒரே விடயம்தான் திரும்பத் திரும்ப வந்தது. இப்படிப் பிறந்த பிள்ளைகளை வெயிலிலிருந்து காப்பாற்றாவிட்டால், வளர்ந்த பிறகு தோலில் புற்றுநோய் வர மிகவும் வாய்ப்பிருக்கிறது. அடுத்த கிளினிக் நாளில் உம்மாவையும் பிள்ளையையும் ஒரு முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரியின் தோல் பகுதிக்குப் போனேன். உம்மா வர மறுக்கவில்லை. வழி முழுக்க நபியவர்கள் மீது ஸலவாத்து ஓதிக்கொண்டே வந்தார்.

டாக்டர் சிங்களப் பெண். தமிழை ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்து அழகாகக் கதைத்தார். கன்னத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். காதுகளைப் பார்த்தார், கைகளைத் திருப்பிப் பார்த்தார்.

"கேன்சர் இல்ல. பயப்பட வேணாம்" என்றார் முதலில். பிறகு கதிரையை உம்மாவின் பக்கம் இழுத்துப் போட்டார். "இது வெயில் சுட்ட புண். சின்ன வயசில திரும்பத் திரும்பச் சுட்டா, பெரிய ஆளான பிறகு அது கேன்சரா வரலாம். உங்கட தோலுக்கு, என்ட தோலுக்கு உள்ளுக்குள்ள ஒரு குடை இருக்கு. மகளுக்கு அது இல்ல. அதனால வெளிய குடை வேணும். எப்பவும் வேணும்."

பூச மருந்து தந்தார். அகல விளிம்புத் தொப்பி, முழுக்கை, கறுப்புக் கண்ணாடி, வெயிலுக்குப் பூசும் கிறீம் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், உம்மாவின் முகம் குழம்புவதைப் பார்த்து நிறுத்தினார். "ஒண்டை மட்டும் மறக்க வேணாம். மகள் நிழலைப் பார்க்கணும். நிழல் மகளை விடக் குட்டையா இருந்தா வெயில் சரியான பலம். உடனே உள்ளுக்கு வரணும்."

எனக்கு அந்த இடத்திலேயே துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது. மணிக்கூடு வேண்டாம், வாசிக்கத் தெரிய வேண்டாம், தூரப் பார்வைகூட வேண்டாம். காலடியில் கிடப்பதைப் பார்த்தால் போதும்.

திரும்பி வரும் வழியில் உம்மா ஸலவாத்து ஓதவில்லை. பாண்டிருப்பு தாண்டியதும் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இனி இவள வெளியில உடமாட்டன் டீச்சர். ஸ்கூலும் வாணாம். ஊட்டுக்கயே கிடக்கட்டும்."

"உம்மா, நான் பதாகை புடிக்கணும்" என்றாள் பிள்ளை.

அதைச் சொல்ல வேண்டும். பிள்ளைகளை நான்கு இல்லங்களாகப் பிரித்து நடத்தும் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. எங்கள் விளையாட்டு ஆசிரியர் பெரிய தொண்டைக்காரர். விசில் ஊதாத நேரம் தூங்குகிற நேரம் மட்டும்தான் என்று சொல்வார்கள், பிள்ளைகள் வைத்த பெயர் 'விசில் சேர்'. அணிநடைப் பழக்கத்தின்போது இவளுக்கு முன்னால் நடப்பவரின் கால் தெரியாது, இரண்டு தடவை மோதிவிட்டாள். மூன்றாவது தடவை மற்ற ஆசிரியர்கள் இவளை வெளியே எடுத்துவிடச் சொன்னார்கள். விசில் சேர் எடுக்கவில்லை. எல்லோருக்கும் முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, நீல இல்லத்தின் பதாகைக் கம்பைக் கையில் கொடுத்துவிட்டார். முன்னால் யாரும் இல்லையென்றால் யாரோடு மோதுவாள்? பின்னால் நிற்பவர்களைப் பார்த்து, "கண் பதாகையில இரிக்கணும். பதாகை கடலுக்க போனா நீங்களும் கடலுக்க போகணும், விளங்கினா?" என்று ஒரு சத்தம் போட்டார். அன்று முதல் அவள் நடையே வேறு.

அந்தக் கம்பைத்தான் உம்மா இப்போது பறிக்கப் பார்த்தார். அது மட்டுமில்லை, பாடசாலையையும். நான் அவர்கள் வீட்டு வாசலில் நின்று மன்றாடினேன். அணிநடை காலை ஏழரைக்கு, சீக்கிரம் முடிந்துவிடும், தொப்பி போடலாம், கிறீம் பூசலாம் என்று அடுக்கினேன். உம்மா மெஷின் மேல் கிடந்த துணியை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார்.

"நிழல் அவள விடக் குட்டையாக முன்னம் அவ நிழலுக்க நிக்கணும். வாக்குத் தருவீங்களா?"

தந்தேன். வாக்குக் கொடுப்பதில் நான் எப்போதுமே வேகம்.

மறுநாள் வகுப்பில் நிழல் பாடம் எடுத்தேன். பெரிதாக ஆயத்தம் பண்ணிக்கொண்டு போனேன், ஆனால் நான் தொடங்கவே பின் வாங்கில் இருந்து ஒரு சத்தம்: "இது எங்களுக்குத் தெரியும் டீச்சர். குர்ஆன் ஓதப்பள்ளில படிச்ச. பின்னேரம் நிழல் எங்கட அளவுக்கு நீண்டா அஸர் தொழுகை."

உச்சி நேரத்தில் மிஞ்சி நிற்கும் நிழலைக் கழிக்கிற அந்த நுணுக்கத்தை விட்டுவிட்டால், டாக்டர் சொன்னதும் அதேதான். அஸர் ஆகும்போது வெயிலின் பலம் போய்விடுகிறது. அஸருக்குப் பிறகு விளையாடு என்றால் இந்த ஊரில் எந்தப் பிள்ளைக்கும் விளங்கும். சரி, காலையில் எப்போது உள்ளே வர வேண்டும் என்று எப்படிச் சொல்வது? நான் யோசித்துக்கொண்டிருக்க, நம் பதாகைக்காரி எழுந்தாள்.

"அப்ப காலையிலயும் ஒரு அஸர் இரிக்கணுமே டீச்சர். நிழல் குறைஞ்சி வரக்குள்ள ஒருக்கா எங்கட அளவுக்கு வருந்தானே?"

அடுத்த நாள் காலை மைதானத்தில் அதைத் தேடிப் பிடித்தோம். ஒருவர் நிற்க, இன்னொருவர் அவருடைய நிழலின் மேல் மணலில் நீட்டிப் படுத்து அளப்பது. வெள்ளைச் சீருடைகளோடு! உம்மாமார் என்னைத் தேடி வந்ததில் நியாயம் இருந்தது. அளந்து முடித்தபோது ஒன்பது தாண்டி இருந்தது. அதற்கு 'காலை அஸர்' என்று பிள்ளைகளே பெயர் வைத்துவிட்டார்கள். இது எங்கேயாவது வில்லங்கமாகப் போய்விடுமோ என்று பள்ளிவாசல் மௌலவியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் தாடியைத் தடவிச் சிரித்துவிட்டு, "தொழுகை ஒண்டும் கூட்டாட்டிச் சரி மகள்" என்றார்.

தோல் எப்படி வேலை செய்கிறது என்றும் சொல்லிக் கொடுத்தேன். நிறம்தான் உள்ளுக்குள் இருக்கும் குடை என்றும், அந்தக் குடை இருப்பவர்களும் நடு வெயிலில் கிடந்து எரியக் கூடாது, கண்ணுக்கும் உதட்டுக்கும் கூடாது என்றும் சொன்னேன். ஒரு கறுத்த பெண் பிள்ளை தன் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்ப நாங்க கறுப்பா இரிக்கிற நல்லமா டீச்சர்?" என்று கேட்டாள்.

"ஓம். நல்லம்."

அவள் சிரித்த சிரிப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது. அதன் பலன் மறுநாள் வந்தது. அவளுடைய உம்மா வாசலில் நின்று, "என்னகா டீச்சர், என்ட வெள்ளையாகிற கிறீம இவள் கிணத்துக்க போட்டுட்டாள். நீங்கதான் செல்லிக் குடுத்தீங்களாம்" என்றார். கிணற்றில் போடச் சொல்லவில்லை என்று மட்டும் என்னால் உறுதியாகச் சொல்ல முடிந்தது.

விளையாட்டுப் போட்டி நாள் வந்தது. நம் பிள்ளையின் உம்மா நீலத் துணியில் அகல விளிம்புத் தொப்பி ஒன்று தைத்து, பர்தாவுக்கு மேல் போட்டு அனுப்பியிருந்தார். முகத்தில் கிறீம் திட்டுத் திட்டாக இருந்தது. கறுப்புக் கண்ணாடி வேறு. "இப்ப உண்மையாவே லண்டன்தான்" என்றான் ஒருவன். உம்மா மைதான வேலிக்கு வெளியே, கையில் குடையோடு நின்றார். என்னைப் பார்த்து ஒருதரம் தலையசைத்தார். வாக்கு ஞாபகம் இருக்கிறதா என்பது அந்தத் தலையசைப்பு.

எனக்குக் கிடைத்த வேலை அறிவிப்பு. மேடைக்குப் பக்கத்தில், பந்தலுக்குள், மைக்கோடு. ஏழரைக்கு நான்கு இல்லங்களும் வரிசையாக நின்றுவிட்டன. பிரதம அதிதி வரவில்லை. வழியில் இன்னொரு நிகழ்ச்சியாம். எட்டு ஆனது. பிள்ளைகளை நிழலில் இருத்தலாம் என்று பார்த்தால், இதோ வந்துவிட்டார், அதோ வந்துவிட்டார் என்று தகவல். எட்டரைக்கு மேல் வந்து இறங்கினார். மாலை, கொடியேற்றம், கீதங்கள், வரவேற்புரை. பிறகு அணிநடைக்கு முன்னால் அதிதி ஓரிரு வார்த்தை பேசுவார் என்று நானே என் வாயால் அறிவித்தேன்.

ஓரிரு வார்த்தை எங்கள் பக்கத்தில் எவ்வளவு நீளும் என்று உங்களுக்குத் தெரியும். பிள்ளைகள் கடலுக்கு முதுகைக் காட்டி, மேடையைப் பார்த்து நின்றார்கள். வெயில் பின்னாலிருந்து ஏற, அவர்களுடைய நிழல்கள் அவர்களுக்கு முன்னால் விழுந்து கிடந்தன. நீளமாகக் கிடந்த நிழல்கள் என் கண் முன்னாலேயே சுருங்கி வந்தன. மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு அதிபரிடம் குனிந்தேன். "சேர், புள்ளையள மரத்தடிக்கு எடுப்பமா? பதாகை புடிச்சிரிக்கிற புள்ளைக்கு வெயில் கூடாது சேர்."

"அவர் பேசி முடிக்கட்டும் மகள். அரைவாசில எடுத்தா மரியாதை இல்ல."

மரியாதை இல்லைதான். வேலிப் பக்கம் பார்த்தேன். உம்மா குடையை மடக்கிக் கையில் பிடித்துக்கொண்டு, என்னை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். ஓடிப்போய்ப் பிள்ளையை இழுத்து வரலாம். எல்லோருக்கும் முன்னால் அவளை மட்டும் தனியாக இழுத்து வந்தால், இனி அவள் அந்தக் கம்பைத் தொடுவாளா?

அப்போது நீல வரிசையில் ஓர் அசைவு. அவள் பின்னால் திரும்பி ஏதோ சொன்னாள். இரண்டாவதாக நின்ற பிள்ளை வெளியே வந்து, பதாகைக் கம்பின் நிழல் முடிகிற இடத்தில் தன் சப்பாத்தை வைத்துக்கொண்டு நின்றாள். இவள் கம்பின் அடியை அசைக்காமல், மெதுவாகச் சாய்த்து, அதன் நிழலின் மேலேயே நிலத்தில் கிடத்தினாள். பதாகை அந்தச் சப்பாத்தையும் தாண்டி நீட்டிக்கொண்டு கிடந்தது, நிழல் கம்பை விடக் குட்டையாகிவிட்டது. குனிந்து, முகம் மண்ணில் முட்டுகிற அளவுக்குக் கிட்டப் போய்ப் பார்த்தாள்.

நிமிர்ந்தாள். கம்பைத் தூக்கினாள். வலப்பக்கம் திரும்பி, மைதானத்து மூலையில் நின்ற பெரிய வாகை மரத்தைப் பார்த்து நடக்கத் தொடங்கினாள். ஓடவில்லை. இடது, வலது என்று, பழக்கிய நடை.

நீல இல்லம் முழுவதும் அவள் பின்னால் போனது. கண் பதாகையில் இருக்கிறதே. கைகள் தோள் உயரத்துக்கு வீசி, காலை மண்ணில் அடித்துப் போனார்கள். என் வகுப்புப் பிள்ளைகள் நான்கு இல்லத்திலும் இருந்தார்கள். சிவப்பு வரிசையில் ஒருவன் தன் நிழலைப் பார்த்தான். "காலை அஸர் ஆயித்துடா" என்றது மேடை வரைக்கும் கேட்டது. சிவப்பும் போனது. பச்சையும் மஞ்சளும் போயின. அதிதி ஒழுக்கம் பற்றிய ஒரு வசனத்தின் நடுவில் நின்றார். அவருக்கு முன்னால் இப்போது வெறும் மணல் கிடந்தது.

அதிபர் என்னைப் பார்த்தார். நான் விசில் சேரைப் பார்த்தேன். அவர் மைதானத்தின் நடுவில் தனியாக நின்றார். விசில் வாயில் இருந்தது. ஒரே ஊதல், பிள்ளைகள் அத்தனை பேரும் திரும்பி வந்துவிடுவார்கள், அவ்வளவு பயம் அவரிடம். ஊதினார். ஆனால் அது திரும்பி வரச் சொல்லும் விசில் இல்லை. நடைக்கு ஊதும் விசில். விட்டு விட்டு ஊதியபடியே, பின்தங்கிய சின்னப் பிள்ளைகளையும் மரத்தடி வரைக்கும் நடத்திக்கொண்டு போய் நிறுத்தினார். பிறகு மேடைக்கு வந்தார். வியர்வை வழிய, மிக மரியாதையாகத்தான் சொன்னார்.

"சேருக்குப் பந்தல் இரிக்கி. எங்கட புள்ளையளுக்கு மரம் இரிக்கி. நீங்க பேசுங்க சேர், அங்க நல்லாக் கேக்கும்."

அதிதி கையில் இருந்த தாளைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார். பிறகு தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கினார். மணலைத் தாண்டி அவர் நடந்து போக, நாங்கள் எல்லோரும் பின்னால் போனோம். நேராகப் பதாகை பிடித்தவளிடம் போய் நின்றார்.

"ஆர் மகள் உங்களுக்கு ஓடர் குடுத்த?"

"நிழல்" என்றாள்.

"காலை அஸர் ஆயித்து சேர்" என்று பக்கத்தில் இருந்தவள் உதவிக்கு வந்தாள். "காலையில ஏது அஸர்?" என்று அவர் கேட்டதுதான், அத்தனை பேரும் ஒரே நேரத்தில் விளக்கத் தொடங்கிவிட்டார்கள். நிழல், தோல், குடை, கேன்சர், கிணற்றில் போட்ட கிறீம் எல்லாம் வந்தன. அவர் கடைசிவரை நின்று கேட்டார். அணிநடை அந்த வாகை நிழலுக்குள் நடந்தது. இடம் போதாமல் வட்டமாக நடந்தார்கள். அதிதி ஒரு வேரின் மேல் ஏறி நின்று வணக்கம் ஏற்றுக்கொண்டார். பேச்சின் மிச்சத்தை அவர் பேசவே இல்லை.

உம்மா வேலியைச் சுற்றி வந்திருந்தார். பிள்ளையின் கன்னத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னிடம், "நீங்க தந்த வாக்க அவளே காப்பாத்தித்தாள் டீச்சர். நீங்க மைக்கத்தான் காப்பாத்தினீங்க" என்றார். சொல்லிவிட்டு என் கையைப் பிடித்தவர், வெகு நேரம் விடவில்லை. அடுத்த நாள் காலை பிள்ளையைப் பாடசாலைக்குக் கூட்டி வந்தவரும் அவர்தான்.

போட்டி எல்லாம் முடிந்து கயிறுகளைச் சுற்றிக்கொண்டிருந்த விசில் சேரிடம் போய் நன்றி சொன்னேன். தலை நிமிராமலே சொன்னார்: "வருஷா வருஷம் ரெண்டு மூணு புள்ள மயங்கி விழும். தூக்கித் தண்ணி தெளிச்சித்து அடுத்த நிகழ்ச்சிக்குப் போவம். இந்த முறை ஒண்டும் விழல்ல. கண்டீங்களா?"

நான் கவனித்திருக்கவில்லை. அவர் கவனித்திருந்தார்.

இந்த வருடம் அந்தப் பாடசாலையில் அணிநடை அஸருக்குப் பிறகுதான் நடந்தது. அவளுடைய கன்னத்துப் புண் ஆறி, இளஞ்சிவப்பாய் ஒரு தழும்பு மட்டும் இருக்கிறது. கிளினிக்குக்குத் தவறாமல் போகிறாள். உம்மாவின் மெஷினில் இப்போது அகல விளிம்புத் தொப்பிகளுக்குக் கேள்வி அதிகம். எனக்கு நியமனம் கிடைத்து இறக்காமம் பக்கம் வந்துவிட்டேன். இங்கே கடல் இல்லை, வயல் வெளியில் வெயில்தான். பிள்ளைகளை வெளியே அழைத்துப்போய் முதலில் நடத்தியது நிழல் பாடம்தான், அவர்களுடைய உம்மாமாரும் சீருடை பற்றிக் கேட்டு வந்துவிட்டார்கள்.

அஸர் பாங்கு கேட்கும்போதெல்லாம் என் கண் தானாகவே என் காலடி நிழலுக்குப் போகிறது. ஒரு சின்னக் கன்னத்துப் புண் ஆறியதற்கும், திருப்பி அழைத்திருக்கக் கூடிய ஒரு விசில் அன்று எங்கள் பிள்ளைகளோடு சேர்ந்து நடந்ததற்கும் அல்லாஹ்வுக்கு ஒருதரம் நன்றி சொல்லிவிட்டுத்தான் நான் தொழுகைக்குக் கைகால் கழுவி வுழூச் செய்யப் போகிறேன்.